சாரலில் கிழித்த முக்கோணம்

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடையத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போவேன்.

என் எட்டாம் வகுப்பில் கண் தெரியாத பிள்ளை ஒருத்தி இருந்தாள். சின்ன வயதில் அம்மை கண்டு பார்வை போய்விட்டதாம். தமிழும் சரித்திரமும் காதால் கேட்டே ஒப்பிப்பாள். வடிவகணிதம் ஆரம்பித்ததும்தான் நான் திகைத்தேன். கரும்பலகையில் முக்கோணம் வரைந்து, மூன்று கோணமும் சேர்ந்தால் நூற்றெண்பது டிகிரி என்றால் அவளுக்கு என்ன தெரியும்? "நீ சும்மா உக்காரும்மா" என்று விட்டுவிட்டேன். அதோடு நின்றேனா? பலசரக்குக் கடை வைத்திருந்த அவள் அப்பாவை வரச்சொல்லி, கணக்கில் இவள் தேற மாட்டாள், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, மாதக் கடைசியோடு நிறுத்திவிடுவதாகச் சொல்லிப் போனார். நல்லதுதான் செய்கிறேன் என்று மனதார நம்பினேன்.

அந்த ஆடியில் வகுப்போடு குற்றாலம் போனோம். குளித்து முடித்ததும் சாரல் வலுத்துவிட்டது. ஒரு மண்டபத்தில் ஒதுங்கினோம். மலை, மரம், எதிரே இருந்த கடைகள் எல்லாம் வெள்ளையாகக் கரைந்துபோயின. அருவியின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கண் சொருகிக் கிடந்தார்கள். எனக்கும் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு மயக்கம்.

பக்கத்தில் 'சர்'ரென்று காகிதம் கிழியும் சத்தம். பார்த்தால் அவள்தான். பொரிகடலை மடித்து வந்த காகிதத்தை முக்கோணமாகக் கிழித்து வைத்திருந்தாள். அதன் மூன்று மூலைகளையும் தனித்தனியே கிழித்தாள். கூர்முனைகள் மூன்றும் ஓரிடத்தில் தொடும்படி, ஒன்றையொட்டி ஒன்றாகத் தரையில் வைத்தாள். பிறகு அடியோரத்தை விரலால் தடவினாள். மறுபடி வேறொரு முக்கோணம்.

"என்னம்மா செய்யுதே?" என்றேன்.

"டீச்சர், ஒல்லியா கிழிச்சாலும், கோணலா கிழிச்சாலும் மூணு மூலையும் சேந்தா ஓரம் நேராத்தான் வருது. நீங்க நூத்தியெண்பதுன்னு சொன்னது இதுதானா?"

நானும் ஒன்றைக் கோணல்மாணலாகக் கிழித்து, கண்ணை மூடிக்கொண்டு வைத்துத் தடவினேன். விரலுக்கடியில் நேர்கோடு ஓடியது. அத்தனை வருஷம் படித்தும் அதை மனப்பாடமாகத்தான் வைத்திருந்தேன். முதன்முதலாகப் புரிந்தது அந்த மண்டபத்தில்தான். கண்ணைத் திறந்தபோது கன்னத்தில் இருந்தது கண்ணீரா சாரலா என்று தெரியவில்லை.

"இதுதாம்மா" என்றேன். அவள் சிரித்தாள்.

மறுநாள் காலை ரயிலை விட்டு இறங்கியதும் நேரே அவள் அப்பாவின் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, பிள்ளையை நிறுத்தாதிய. நான் சொன்னது தப்பு."

அவர் தராசைக் கீழே வைத்தார். "நீங்கதான டீச்சர் முடியாதுன்னு சொன்னிய. அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடவே இல்ல."

"எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியல, அண்ணாச்சி. அவளுக்குப் படிக்கத் தெரியும்."

தராசை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப வரட்டும்" என்றார்.

அன்றிலிருந்து என் வகுப்பில் அட்டையும் நூலும் புளியங்கொட்டையும் வந்தன. வட்டத்தை நூல் கட்டிச் சுற்றினோம். பின்னங்களை அட்டையில் வெட்டிக் கையில் கொடுத்தேன். வேடிக்கை என்னவென்றால், அவளுக்காகச் செய்ததில் அதிகம் தெளிந்தது, கண் நன்றாகத் தெரிந்தும் கணக்கென்றாலே நடுங்கிய கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்தான். அவள் அந்த வருஷம் தேறினாள். முதல் மதிப்பெண்ணெல்லாம் இல்லை, ஆனால் அவளாகவே தேறினாள்.

இத்தனை வருஷம் கழித்தும், ஒரு பிள்ளையைப் பார்த்து 'இதற்குக் கணக்கு வராது' என்று சொல்ல நாக்கு எழும்போதெல்லாம், அந்தப் பிள்ளைக்கு எட்டும் வழியை நான் தேடினேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும், இன்னும் தேடவில்லை என்றுதான் பதில் வருகிறது.