உப்பில்லாத மோர்

ஒரு கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அதில் மாட்டு வண்டி போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை, என் கண்ணிலும்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் திக்கென்று இருக்கிறது.

கதை எங்கள் சித்தப்பாவின் சொத்து. தென்காசியில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. அப்பாவுக்கு வயல், சித்தப்பாவுக்கு வாய் என்று அம்மா கேலி செய்வாள். பாளையக்காரர்கள் கும்பினிப் பட்டாளத்தோடு சண்டை போட்ட காலத்தில், எங்கள் பூட்டனுக்குப் பூட்டன் வேல்கம்போடு போனாராம். சண்டை தோற்று, தோளில் குண்டுக் காயத்தோடு வீட்டுப் புறவாசலுக்கு வந்து வைக்கோல் படப்புக்குள் ஒளிந்துகொண்டாராம். வீட்டுக்காரி மோர் கொண்டுவந்து கொடுத்தாளாம். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு இல்லையே தாயி" என்றாராம். அவள் உப்பு எடுக்க உள்ளே போன நேரத்தில் பட்டாளம் வந்து பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றுவிட்டதாம்.

"சாவு வாசல்ல நிக்கி, மனுசன் உப்பு கேக்காரு பாத்தியா! அதாம்ட்டி நம்ம ரத்தம்" என்று சித்தப்பா தொடையில் தட்டுவார். எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் யாராவது ஒருவர் "உப்பு இல்லையே தாயி" என்போம். எல்லோரும் சிரிப்போம். அம்மாவும் சிரித்துக்கொண்டே உப்பு மரவையை எடுத்து வருவாள்.

அந்தப் பூட்டனுக்கு வருஷம் ஒரு படைப்பு உண்டு. பங்குனியில் பிசான நெல் அறுத்துப் படப்பு போட்டதும், ஒரு செவ்வாய்க்கிழமை படப்பின் அருகில் இலை போட்டுச் சோறும் உப்பில்லாத மோரும் வைப்போம். வைத்த கையோடு எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். தோற்றுப் பிடிபட்டதை நாம் பார்த்தால் அவருக்கு மானக்கேடு என்பது சித்தப்பாவின் விளக்கம். பிறகு அத்தனையையும் வாய்க்காலில் விட்டுவிடுவோம். ஏன் தின்னக்கூடாது என்று ஒரு முறை கேட்டேன். "தின்னா வயித்த வலிக்கும்" என்றார் அப்பா. அதோடு நானும் விட்டுவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குப் பத்தொன்பது வயது. ஏற்கெனவே இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தருக்கு நான் நெட்டை, இன்னொருத்தருக்கு என் பல் சரியில்லை. மூன்றாவதாக ராயகிரியிலிருந்து ஒரு வரன் வந்தது. இந்த முறை குற்றாலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. ஆனி மாதம், சாரல் நன்றாக இருந்தது. அருவிக்குக் குளிக்க வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்ததுபோல் பார்த்துக்கொண்டால், வேண்டாம் என்று போனாலும் தெருவுக்குத் தெரியாது. ஒரு வீட்டை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம்.

அருவிக் கூட்டத்தில் மாப்பிள்ளையை முதலில் பார்த்தது நான்தான். அவருடைய அப்பா குளித்துக்கொண்டிருக்க, அந்தப் பெரியவரின் மூக்குக்கண்ணாடியைத் துண்டுக்குள் பொத்திப் பிடித்தபடி, அத்தனை சாரலிலும் அது நனையாமல் காத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பிடித்துவிட்டது. இதை ஒளிப்பானேன், இந்த வரனாவது தட்டிப் போகக்கூடாது என்று அருவியைப் பார்த்தே கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தார்கள், பார்த்தார்கள். பேச்சு முடிந்தது என்று சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அவருடைய அப்பா, "எங்களுக்குப் பிடிச்சிருக்கு, இலையப் போடுங்க" என்றபோது அடுக்களையில் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். இலை போட்டோம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி எங்கள் சித்தப்பா. சம்பந்தி வீட்டுக்கு நம் பெருமை தெரிய வேண்டாமா என்று, பங்குனிப் படைப்பைச் சொல்லிக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

படப்பில் ஒளிந்த இடம் வந்ததும் அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். மோர் வந்ததும் கையை உயர்த்தினார்.

"அண்ணாச்சி, நில்லுங்க. 'உப்பு இல்லையே தாயி'ன்னுதான கேட்டாவ?"

சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆமா அண்ணாச்சி! எங்க கதை ராயகிரி வரைக்கும் வந்திருக்கா?"

"கட்டுன பொண்டாட்டிய எவனாவது தாயின்னு கூப்பிடுவானா அண்ணாச்சி?"

என் கையில் பொரியல் சட்டி இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

பெரியவர் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "அது எங்க வீட்டு ஆளு. சண்ட தோத்து ரெண்டு பேரா வந்தாவ. ஒருத்தரு வாய்க்கா நாணலுக்குள்ள கெடந்தாரு. எங்க ஆளு தென்காசிப் பக்கம் ஒரு வீட்டுல தஞ்சம் கேட்டாவ. 'படப்புக்குள்ள இரிங்க'ன்னு சொல்லிட்டு, வீட்டுக்காரன் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிட்டான். உப்பு போட்டுக் குடுத்துட்டுக் காட்டிக்குடுத்தா பாவம்லா? அதனால அந்தப் பொம்பள உப்பு போடாம மோர் குடுத்தா. நாணலுக்குள்ள கெடந்தவரு கண்ணால பாத்துட்டு வந்து சொன்னது இது. எந்த வீடுன்னு மட்டும் எங்களுக்குத் தெரியாம இருந்துச்சு."

பெரியவரின் மனைவி என் அப்பாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "படைச்ச சோத்த யாரு திங்கிய?"

"யாரும் திங்கதில்ல. வாய்க்கால்ல விட்டுருவோம்" என்றார் அப்பா.

"சொந்தத் தாத்தனுக்குப் போட்டத வாய்க்கால்ல விடுவாவளா?"

பயந்துபோய்ப் போட்ட படைப்பு. காட்டிக்கொடுத்த எங்கள் ஆளை அவருடைய ஆவி பிடித்துவிடுமோ என்று போட்டது. முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி நின்றது. தலைமுறை தலைமுறையாக அந்தப் பயம் மறந்துபோய்ப் பெருமை மட்டும் மிஞ்சியிருக்கிறது. சாகப்போகிற மனிதன் விஷயம் புரிந்து கேட்ட வார்த்தையைச் சொல்லியா நாங்கள் சோற்றுப் பந்தியில் சிரித்தோம்?

அவர்கள் கை நனைக்காமல் எழுந்தார்கள். குடையை விரிக்காமலே சாரலில் பஸ்ஸுக்கு நடந்தார்கள். மாப்பிள்ளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். சித்தப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா, ஒரு உறவுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தென்காசிக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. படப்பு எங்கே என்று கேட்டார். கொண்டுபோய்க் காட்டினோம். வைக்கோலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அழவில்லை.

"இத்தன காலம் எங்க ஆளு இங்கன வந்து உப்பில்லாம தின்னுட்டுப் போயிருக்காவ" என்றார். "பொண்ண நாங்க எடுத்துக்கிடுதோம். அவ கூட அவுகளும் எங்க வீட்டுக்கு வந்துரட்டும். இனி இங்கன இலை விழப்படாது."

அப்பா கையைக் கூப்பிச் சரி என்றார். சித்தப்பாதான் உடைந்துபோனார். "எங்க தாத்தாவ கொண்டுபோகாதிய தாயி" என்று நாற்பது வயது மனிதர் விம்மினார். அந்த வார்த்தை தம் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தாமே வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கதையும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஆசைப்பட்டவரைத்தான் கட்டிக்கொண்டேன். ஆனால் மருமகளாகப் போகிறேனா, பழைய பாவத்துக்குப் பிணையாகப் போகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பங்குனி வரப் போகிறது என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வந்தது. படப்பின் அருகில் இலை போட்டார்கள். மாமியார் மோர்ச் செம்பை என் கையில் கொடுத்தார். பிறகு உப்பு மரவையை நீட்டினார்.

"நீ போடு தாயி."

ஒரு கை அள்ளிப் போட்டேன். போட்டேனா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது, இன்னொரு கை போட்டேன். இலையில் வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் திரும்பினேன். மாமியார் என் தோளைப் பிடித்து இலையைப் பார்க்க நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சோற்றை எல்லோருக்கும் பிசைந்து கொடுத்தார்கள். மோரையும் ஊற்றினார்கள். முதலில் எனக்கு. எங்கள் குடும்பத்தில் அந்த மோரைக் குடித்த முதல் ஆள் நான். வாயில் வைத்ததும் தெரிந்தது, உப்புக் கரித்தது. ஐயோ என்று நிமிர்ந்து பார்த்தேன். மாமனார், மாமியார், அவர், வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.