ஜெசிந்தாவின் குரல்பதிவை நான் அழிக்கவில்லை

சிறையில் என் அறையைச் சோதனை போட வந்த காவலர் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்தார். தேயிலையோடு என் கைபேசியும் மேசையில் விழுந்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் முடிய இருந்தது இன்னொருவரின் கதை.

சகோதரங்களே, ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டாவது தடவையும் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ஒரு மனிதரின் காலை முறித்தவன் நான். அதற்காகத்தான் உள்ளே போனேன். சிறையில் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்று தெரிந்தும் வைத்திருந்தேன். ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் ஜெபக்குழு மாலைதோறும் தொலைபேசியில் கூடும். அதற்கு ஜெபக் குறிப்புகளைச் சேர்ப்பது என் பொறுப்பு. ஆண்டவருடைய வேலைக்குத்தானே என்று என் களவுக்கு நானே வெள்ளை அடித்துக்கொண்டேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கஷ்டப்படுகிறவர்கள் குரல்பதிவாக எனக்கு அனுப்புவார்கள். ஜெபம் கேட்கப்பட்டு அவர்கள் நன்றி சொல்லும்வரை அதை அழிக்க மாட்டேன். அழிப்பது விசுவாசக் குறைவு என்று நம்பினோம். புத்தியுள்ளவன் கேட்டவுடன் அழித்திருப்பான்.

அதில் ஒன்று ஜெசிந்தாவுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்து இரண்டு வருடம்கூட ஆகாத பிள்ளை. "அண்ணை, அவர் என்னை விட்டிட்டுப் போய் நாலு மாசம். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, விசா போயிடும். ஜெபம் மட்டும் பண்ணுங்கோ" என்று அழுதிருந்தாள். கணவனோடு வாழ்கிறாள் என்பதற்காகக் கொடுக்கப்பட்ட விசா அது.

கைபேசியை எனக்கு உள்ளே கொண்டுவந்து தந்தவரைத் தேட வேண்டியவர்கள், அதிலிருந்த எல்லாக் குரல்களையும் மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். ஜெசிந்தாவின் அழுகை ஜெர்மன் மொழியில் தட்டச்சாகி, விசா கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனது. நாட்டை விட்டுப் போக வேண்டிவரும் என்று அவளுக்குக் கடிதம் வந்தது.

என்னைப் பார்க்க வந்த மனைவிதான் இதைச் சொன்னாள். "அவ உங்களை ஒரு வார்த்தைகூட ஏசேல்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் கிடக்கு."

அதன்பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நிற்பேன், வாய் திறக்காது. கைபேசி பிடிபட்டதால் முன்கூட்டியே விடுதலையாகும் வாய்ப்புப் போனதுகூட வலிக்கவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு ஒரே ஒரு வசனம் வந்தது. என்னைக் கைவிட்டாலும் பரவாயில்லை ஆண்டவரே, அவளைக் கைவிடாதேயும்.

சிறைக்கு வரும் ஜெர்மன் பாதிரியாரிடம் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. கைதிக்கும் உரிமை உண்டு, நீதிமன்றத்துக்கு அன்ட்ராக், அதாவது மனு, எழுது என்று ஒரு தாளைத் தந்தார். என் ஓட்டை ஜெர்மனில் எழுதினேன். கைபேசியைப் பறித்தது சரி, எனக்குத் தந்த தண்டனையும் சரி, மற்றவர்களின் கண்ணீரை வாசித்து இன்னோர் அலுவலகத்துக்குக் கொடுத்தது மட்டும் சரியில்லை என்று எழுதினேன்.

ஈஸ்டருக்கு முதல் வாரம் பதில் வந்தது. தள்ளுபடி. களவாக வைத்திருந்தவன் அதிலுள்ள இரகசியத்துக்கு உரிமை கேட்க முடியாதாம். ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்த்ததுபோல இருந்தது என் ஜெபம்.

மேல் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் இருந்தது. வழக்கறிஞர் இல்லாதவனுக்கு நீதிமன்ற அதிகாரி நேரில் வந்து எழுதித் தர வேண்டும். அவரைச் சந்திக்க டெர்மின் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன், பதிலில்லை. கடைசி நாளுக்கு முதல்நாள் அந்த அதிகாரி வேறொரு கைதிக்காக வந்தார். அவனோ வர மாட்டேன் என்று அறையிலேயே இருந்துவிட்டான். அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைத்தது. அதைத் தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு வாய் வராது.

இலையுதிர் காலத்தில் தீர்ப்பு வந்தது. கைபேசியைப் பறித்தது சரி, அந்தக் குரல்களை வெளியே கொடுத்தது தவறு. ஜெசிந்தாவின் கோப்பிலிருந்து அந்தத் தாள்களை எடுத்தார்கள். எடுத்த பிறகு அவள் தானாகவே அந்த விசா அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னாள். தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படித்துக்கொண்டிருந்ததால் ஒரு வருடம் கொடுத்தார்கள். ஒரே ஒரு வருடம்தான். கணவன் திரும்பி வரவில்லை.

இன்று நான் வெளியே இருக்கிறேன். குடியைத் தொடுவதில்லை. நான் கால் முறித்த மனிதர் இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். விசுவாசம் மலைபோல இருந்தால்தான் ஆண்டவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு ஒரு வசனம்தான் இருந்தது.

விடுதலைக்கு முன் ஜெசிந்தாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சிறைக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துத்தான் தருவார்கள். அது அவளுக்கும் தெரியும்.

"அண்ணை, இதை உடைச்சு வாசிப்பினம். வாசிக்கட்டும். இனி எனக்கு ஒளிக்க ஒண்டுமில்லை, ஆரிட்டையும் சொல்லுங்கோ. எனக்காகத் திரும்பவும் ஜெபியுங்கோ."

அவள் சொன்னதால்தான் உங்களுக்கும் சொன்னேன். அவளுடைய விசாவுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நீங்களும் ஜெபியுங்கள்.