மாமாவின் தோலும் தெருச் சாக்கடையும்

ஒருவருடைய தோல் கிருமிகளைக் கொல்லும் என்று தெருவுக்கே விளக்கிவிட்டால், தெரு அவருக்கு எந்த வேலையைக் கொடுக்கும்? திருப்பதியில் நுண்ணுயிரியல் படித்த ஐந்து ஆண்டுகளில் இந்தக் கேள்வி எந்தத் தாளிலும் வரவில்லை.

விநாயகர் சதுர்த்தி நாட்களில் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு, சித்தூரில் எங்கள் தெருவினர் பந்தலிட்டுச் சோறு போடுவார்கள். சாம்பார் ஊற்றுவது என் தாய்மாமா. ஆண்டு முழுவதும் அவர் எதிர்பார்த்திருக்கும் வேலை அது ஒன்றுதான். அந்த ஆண்டு அவருடைய சொரியாசிஸ் முழங்கையிலிருந்து புறங்கைக்கு இறங்கியிருந்தது. முதல் நாளே தெருச் சங்கத்தின் தலைவர் வாளியை மரியாதையாக வாங்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்கண்ணே" என்றார். மாமா உட்கார்ந்தார்.

அன்று மாலை சங்கத்தாரைக் கூட்டி விளக்கினேன். நம் எல்லோருடைய தோலும் சிறு புரதத் துண்டுகளைச் சுரக்கிறது. அவை கிருமியின் உறையைத் துளைத்துக் கொல்கின்றன. பிறவியிலேயே நமக்கு வாய்த்த காவல் அது. சொரியாசிஸ் வந்த தோலில் அவை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. அந்த மிகுதி வீக்கத்தையும் தூண்டுகிறது என்றாலும், அங்கே கிருமித் தொற்று குறைவு. அட்டையில் படமும் வரைந்திருந்தேன். நோய் பிறருக்கு ஒட்டாது என்பதைக் கடைசியில்தான் சொன்னேன்.

"அப்போ இவரைக் கிருமி ஒண்ணும் பண்ணாதா?" என்றார் தலைவர்.

"எளிதில் பண்ணாது" என்றேன், துல்லியம் கருதி.

மறுநாள் காலை அவர் மண்வெட்டியுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பந்தலுக்குப் பின்னால சாக்கடை அடைச்சிக்கினு கீது. உங்க கையில கிருமி செத்துப்பூடுதாமே அண்ணே. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லியே."

அவர் கேலி செய்யவில்லை. என் விளக்கத்தை முழுமையாக நம்பிய முதல் மனிதர் அவர்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏம்மா, இன்னும் ரெண்டு வருசம் படிச்சிருந்தா என்னை செப்டிக் டேங்க்லயே எறக்கியிருப்பே."

மண்வெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். தோல் வெடித்த கையைச் சாக்கடையில் விடக் கூடாது என்பதையும் முந்தைய நாள் சொல்லியிருக்க வேண்டும். அடைப்பை எடுத்து, குளித்துவிட்டு, பந்தியின் முதல் வரிசையில் அமர்ந்தேன். சோறு வைத்தார்கள். சாம்பார் வந்தபோது இலையைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"துன்னுட்டு எழுந்திரு பாப்பா, பின்னால ஜனம் நிக்குது" என்றார் தலைவர்.

"மாமா ஊத்தினா துன்றேன்."

தலைவர் பந்திக்குக் காத்திருந்தவர்களின் வரிசையைப் பார்த்தார். அது தெருமுனை வரை போயிருந்தது. வாளியை மாமாவிடம் நீட்டினார். எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் மாமாவிடம் இரண்டு முறை கேட்டு ஊற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து வாளி மாமாவிடமே இருக்கிறது. சாக்கடையைச் சங்கத்தாரும் நானும் முறைவைத்துத் தள்ளுகிறோம். மாமாவின் தோலைப் பற்றி யாராவது கேட்டால், "ஒட்டாது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.