துணைக்கு டிக்கெட் வேண்டியதில்லை

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றுவிட்டவன். ஊசி பிடித்துப் பழகிய கை, பேனா சொன்னபடி கேட்பதில்லை. படிக்க முடியாத இடங்களைப் பத்திரிகைக்காரர்கள் திருத்திப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இது யுத்தம் முடிந்ததற்கு மறு வருஷம், மயிலாப்பூரில் நடந்தது. அப்போது நான் லஸ் மூலையில் ஒரு தையல் கடையில் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான். சிறு வயதில் வந்த ஜுரத்தில் வலது கால் சூம்பிப் போய்விட்டது. கக்கத்தில் கட்டை வைத்துத்தான் நடப்பேன். கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் பேச ஒரு ஆள் இருந்தது. அவள் போன பிறகு, கடையில் நூல் எங்கே, கத்தரி எங்கே என்று கேட்பதைத் தவிர நான் வாயைத் திறந்ததே குறைவு. சுபாவத்திலேயே எனக்குக் கூச்சம் அதிகம். யாராவது பேச்சுக் கொடுத்தால் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன்.

சனிக்கிழமை மத்தியானத்தோடு கடை முதலாளி எங்களை விட்டுவிடுவார். மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். எனக்குப் போய்ச் செய்ய ஒன்றும் இல்லை. மந்தைவெளியைத் தாண்டி ஒரு மைதானத்தில் ஒரு கிளப்பார் ஃபுட்பால் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் கூடுகிற இடமாயிற்றே என்று ஒருநாள் போனேன். ஆட்டம் எனக்கு அப்போது புரியவில்லை. ஆனால் கோல் விழுந்ததும் அவ்வளவு பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். நானும் கத்தினேன். என் குரலை அவ்வளவு பெரிதாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதிலிருந்து வாராவாரம் போக ஆரம்பித்தேன்.

அந்த வருஷம் டிக்கெட் விலை எழுதிய பலகையின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அங்கஹீனர்களுக்குக் காலரி டிக்கெட் பாதி விலை என்று. யுத்தத்தில் கை கால் இழந்து திரும்பியவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. என்னைப் போன்றவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். கோட்டுக்குப் பக்கத்திலேயே, கார்னர் கொடிக்கு அருகில், எங்களுக்கென்று இரண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். கேட்காரர் டிக்கெட்டைக் கிழிக்கும்போது, "நொண்டி டிக்கெட் ஒண்ணு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூவுவார். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு மாதம் போல நிம்மதியாக நடந்தது. அப்புறம் ஒருநாள் பந்து வேகமாக வந்து எங்கள் பெஞ்சில் இருந்த ஒரு பழைய சிப்பாயின் முகத்தில் அடித்துவிட்டது. ஒற்றைக் கால் மனிதர். சட்டென்று விலக முடியவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிற்று. கிளப்பார் பயந்துபோய் ஒரு விதி போட்டார்கள். பெஞ்சில் உட்காருகிறவர் ஒவ்வொருவரும் கூட ஒரு துணை ஆளை அழைத்து வரவேண்டும். துணைக்கு டிக்கெட் வேண்டியதில்லை, இலவசம். துணை இல்லாமல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

நல்லதை நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பலகையைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். மயிலாப்பூர் முழுக்க யோசித்துப் பார்த்தும் என்னோடு வா என்று கூப்பிட ஒரு ஆள் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வழியைக் காட்டியதும் அந்த வாசல்தான். காசில்லாமல் வேலியோரம் தொங்கிக்கொண்டிருந்த ஒருவன் என்னிடம் வந்தான்.

"இன்னாண்ணே, துணை இல்லியா? நான் வரேன். ஒனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு."

என் கையைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, சொந்தத் தம்பி மாதிரி உள்ளே வந்தான். கேட்டைத் தாண்டியதும் கையை விட்டுவிட்டு, காலரியில் இருந்த தன் கூட்டாளிகளிடம் ஓடிப்போனான். அடுத்த வாரம் வேறொருவன். அதற்கடுத்த வாரம் இன்னொருவன். ஒவ்வொரு முறையும், இவனாவது பக்கத்தில் உட்காருவானா என்று ஒரு நினைப்பு எனக்கு வரும். ஒருவனும் உட்காரவில்லை. அடுத்த பெஞ்சில் கண் தெரியாத ஒருவர் தன் மச்சானோடு வருவார். மச்சான் ஆட்டம் பூராவும் அவர் காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் பாதி நேரம் ஆட்டத்தை விட்டுவிட்டு அவர்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷத்துக் கடைசி ஆட்டத்தன்று வாசலில் நெருக்கித் தள்ளிற்று. நின்று பார்க்கிற தரை டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றார்கள். என்னைக் கண்டதும் ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டது.

"அண்ணே, போன மாசம் நான்தானே வந்தேன்!"

"அவன உடு நைனா, நான் தூக்கிக்கினே போறேன் உன்ன!"

ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான், இன்னொருவன் கட்டையைப் பிடித்து இழுத்தான். நான் தடுமாறிக் கீழே விழுந்தேன். விழுந்த பிறகும் என் தலைக்கு மேலே அவர்கள் சண்டை நிற்கவில்லை. அப்போது ஒரு பெண்குரல் கேட்டது.

"தே! தள்ளுங்கடா அந்தாண்ட! மன்சனா கோணிமூட்டையா அவுரு?"

வாசலில் வேர்க்கடலை விற்கிற அம்மாள். சாந்தோம் குப்பத்தைச் சேர்ந்தவள். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறிய சிலுவை. வாராவாரம் அவளைப் பார்த்திருக்கிறேனே தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைத் தூக்கி நிறுத்தினாள். கட்டையை எடுத்துக் கொடுத்தாள். கூடையைப் பக்கத்திலிருந்த சோடாக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, "நான்தான் இவுரு துணை" என்று கேட்டுக்கு நடந்தாள்.

கேட்காரர் சிரித்துவிட்டார். "நீயா? இன்னாம்மே, பொம்பளைக்கு இங்க இன்னா வேலை?"

"போர்டுல ஆம்பளைதான் வரணும்னு எழுதிக்கீதா? எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே படிச்சிச் சொல்லு."

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கேட்காரர் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே வந்ததும் இவளும் எங்காவது போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெஞ்சு வரைக்கும் வந்தாள். முந்தானையால் பெஞ்சைத் தட்டிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு வேர்த்துவிட்டது. எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை.

"அந்த ஆளு ஏன் ஊதிக்கினே கீறான்?" என்று கேட்டாள்.

ரெப்ரி என்று சொன்னேன். அது யார் என்றாள். தப்பாட்டத்தை ஊதி நிறுத்துகிறவர் என்று சொன்னேன். பந்தை ஏன் கையால் எடுக்கக் கூடாது, எல்லோரும் ஓடும்போது ஒருவன் மட்டும் கம்பத்தடியில் ஏன் சும்மா நிற்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு வார்த்தைகள் எனக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

இத்தனை வருஷம் வாசலில் வியாபாரம் செய்தும் உள்ளே வந்து பார்த்ததில்லையா என்று கேட்டேன். நானாக ஒருவரைக் கேட்ட கேள்வி அது.

"எங்க ஊட்டுக்காரு வாராவாரம் இங்கதான் தரை டிக்கெட்டு வாங்கிக் கூலிய தொலைச்சுட்டு வருவாரு. அப்பிடி இன்னாதான்யா கீது அங்கன்னு கேட்டா, ஒனக்குப் புரியாதும்பாரு. அப்பால ரங்கூனுக்கு ஹார்பர் வேலைன்னு போனாரு. ஜப்பான்காரன் வந்துட்டான். செத்தாருன்னும் சேதி இல்ல, கீறாருன்னும் சேதி இல்ல." மைதானத்தைக் கையால் காட்டினாள். "அதான், இன்னா கீதுன்னு ஒரு தபா பாத்துடலாம்னு."

 

இடைவேளைக்கு ஊதினார்கள். அவள் எழுந்தாள். "இப்பத்தான் நல்லா யாவாரம் ஆவற நேரம். பத்து நிமிசத்துல வந்துர்றேன். எடத்த உட்டுறாதய்யா" என்று சொல்லிவிட்டு வேகமாக வாசல் பக்கம் போனாள்.

மறுபாதி ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. அவள் வரவில்லை. ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட ஒரு பெரியவர் காலரி நெரிசலிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏம்ப்பா, இது காலியாத்தானே இருக்கு?"

மற்ற வாரங்களில் இப்படி யாராவது கேட்டால் நான் தலையை ஆட்டிவிடுவேன். அன்றைக்கு, "ஆள் வருது சார்" என்றேன். சொல்லிவிட்டு என் கட்டையை எடுத்து அவள் இடத்தில் குறுக்கே வைத்தேன்.

"எங்க வரது? ஆட்டம் ஆரம்பிச்சு எத்தனை நாழியாறது!"

"வரும் சார்."

இதைப் பார்த்துக் கையில் பட்டை கட்டிய கிளப் ஆள் ஒருவர் வந்துவிட்டார். "உன் துணை எங்கே?" என்றார். கடலை விற்கப் போயிருக்கிறது என்றேன். பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். துணை இல்லாமல் இங்கே உட்காரக் கூடாது, பந்து பட்டால் யார் பொறுப்பு, எழுந்து வெளியே போ என்றார்.

பெரியவர் நல்ல மனிதர்தான். "எதுக்கு அவனை விரட்டறேள்? நான் துணைன்னு எழுதிக்கோங்கோ. நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன். சரிதானேப்பா?" என்று என்னைக் கேட்டார்.

சரி என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆட்டத்தையும் பார்த்திருப்பேன், பக்கத்தில் உட்காரவும் ஒரு ஆள் கிடைத்திருக்கும். இத்தனை வாரம் நான் ஆசைப்பட்டதும் அதைத்தானே. ஆனால் அவள் திரும்பி வந்து அந்த இடத்தில் வேறு ஒருவர் இருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று தோன்றிற்று. நான் பெரியவரின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் துணை இருக்கு சார்" என்றேன்.

"இருந்தா கூட்டிக்கிட்டு வா. இல்லேன்னா வெளியே நட" என்றார் கிளப் ஆள்.

கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நான் நகர்ந்ததும் பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கோட்டோரமாகவே கேட்டை நோக்கி நடந்தேன். அவள் வரப்போவதில்லை, நல்ல வியாபாரத்தை விட்டுவிட்டு ஏன் வருவாள், இதற்காக ஒரு பெரிய மனிதரிடம் எதிர்த்துப் பேசினோமே என்று மனசு என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

கேட்டை நெருங்கும்போது சத்தம் கேட்டது.

"துணைன்னா நொண்டிகூட சேந்து வரணும். நீ தனியா வந்து துணைன்னா எப்டிம்மே?" என்று கேட்காரர்.

"அவுரு உள்ள கீறாருய்யா! எனுக்கு எடம் வெச்சிக்கினு குந்திக்கினு கீறாரு! எவ்ளோ நேரமா சொல்றேன் ஒனக்கு?"

அவள்தான். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. கூடையில் பாதிக் கடலை அப்படியே இருந்தது. இடைவேளை முடிந்ததிலிருந்து அங்கேதான் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாளாம். துணை இல்லை என்று என்னை உள்ளேயிருந்து அனுப்பினார்கள். கூட நான் இல்லை என்று அவளை வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

என்னைக் கண்டதும், "தோ! வந்துட்டாரு பாரு!" என்று கத்தினாள்.

"இவங்க என்கூட வந்தவங்கதான். உள்ளே விடுங்க" என்றேன். கேட்காரரின் முகத்தை நேராகப் பார்த்தே சொன்னேன்.

அவருக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும். "இன்னாய்யா இது, நீ அவ துணையா, அவ ஒன் துணையா?"

"ஏதோ ஒண்ணு. கதவத் தொற" என்றாள் அவள்.

பெஞ்சுக்குத் திரும்பிப் போக நேரம் இல்லை. கேட்டுக்குப் பக்கத்திலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆட்டம் முடிய இன்னும் சில நிமிஷங்கள்தான் இருந்தன. யாராவது கோல் போட்டார்களா என்றுகூட எனக்கு நினைவில்லை. தரை டிக்கெட்காரர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று அவள் கேட்டாள். எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். அங்கே ஆயிரம் பேருக்கு மேல் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு அவள் பந்தைப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தையே, ஒவ்வொரு முகமாகத் தேடுகிற மாதிரி, கடைசி ஊதல் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

கூட்டம் கலைந்தபோது ஒரு பிடி கடலையை என் சட்டைப் பையில் போட்டாள். "பாத்து போய்யா" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஆட்டங்கள் தொடங்கியபோது வாசலில் அவள் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. சோடாக்காரரைக் கேட்டேன். அக்காள் வீட்டுக்கு ராயபுரம் போய்விட்டதாகக் கேள்வி என்றார். அவள் பெயரைக் கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவளும் என் பெயரைக் கேட்கவில்லை.

நான் இன்னும் சனிக்கிழமை தவறாமல் போகிறேன். பாதி டிக்கெட் இன்னும் இருக்கிறது, அந்த விதியும் இருக்கிறது. வாசலில் நிற்கிற எவனாவது துணையாக வருகிறான், உள்ளே வந்ததும் ஓடிவிடுகிறான். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் எனக்குத் துணை வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், நானும் அப்படியே நினைத்திருந்தேன். ஆனால் நான் பக்கத்தில் நின்றால்தான் உள்ளே வர முடியும் என்று ஒரு ஜீவன் அன்றைக்கு அந்தக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதே, அதை நினைத்துக்கொள்ளும்போது பக்கத்து இடம் காலியாக இருப்பது எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை.

விரோதி வருஷம், ஆவணி மாதம் 12-ந் தேதி எழுதியது.