முதுகில்லாத ஸ்வஸ்திக்

வெல்டருக்கு வாயால் நன்றி சொல்ல வராது. மச்சான் முதல் வேலை வாங்கிக் கொடுத்தபோதுகூட "டீ குடிக்கிறீங்களா?" என்றுதான் கேட்டார்.

போன வருஷம் கம்பியைத் தேய்க்கும்போது இரும்புத் தூள் ஒன்று அவர் கண்ணில் ஏறியது. தண்ணீர் அடித்தால் போய்விடும் என்று கசக்கிக்கொண்டிருந்தவரை, எதிர்வீட்டு நர்ஸ் அக்கா சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆறும்வரை தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் வந்து சொட்டு மருந்து விட்டார். "சிமிட்டாதப்பா. சின்னப் பிள்ளைங்க தேவலாம் போலிருக்கு" என்று திட்டு வேறு. கண் தப்பியது. தொழிலும் தப்பியது.

அக்கா வீட்டு கேட் துருப்பிடித்து உதிரத் தொடங்கியதும் வெல்டர் முந்திக்கொண்டார். புதிய கேட்டின் நடுவில் ஸ்வஸ்திக். 'நல்லா இரு' என்று சொல்கிற குறி அது. நாலு பக்கமும் கை நீட்டி, வலமாகச் சுழன்று, வாய் திறக்காமலே சொல்லிவிடும். அவருக்குத் தோதான ஆள்.

வெல்டிங் தழும்பு தெருவுக்குத் தெரியக்கூடாது என்பதால் கேட்டைக் குப்புறப் போட்டு முதுகுப் பக்கம்தான் பற்றவைப்பார். இத்தனை வருஷமும் பூ, சூரியன், கட்டம் என்றே வைத்துப் பழகிய கை. அவற்றை எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான். அதே பழக்கத்தில் இதையும் மாதிரிப் படத்தில் இருந்தபடியே முதுகுப் பக்கம் வைத்துப் பற்றவைத்தார்.

கேட்டை மாட்டி, தெருவில் நின்று பார்த்தபோது அவர் மனைவி கேட்டாள்:

"ஏங்க, இது இடப்பக்கமால்ல சுத்துது?"

வெல்டருக்கு முகம் செத்துவிட்டது. ஒருத்தரை வாழ்த்தப்போய் அதையும் தலைகீழாகச் செய்தாயிற்று. கட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் அக்கா வாசலுக்கு வந்துவிட்டார்.

"எதுக்கு அறுக்கப் போற?"

"திரும்பிப்போச்சுக்கா."

அக்கா உள்ளிருந்து பார்த்தார். அந்தப் பக்கம் வலமாகத்தான் சுழன்றது.

"எனக்கு நேரா இருக்கே. நீ யாருக்குச் செஞ்ச? தெருவுக்கா, எனக்கா?"

வெல்டர் வாயைத் திறந்தார், மூடினார்.

"உங்களுக்குத்தான்க்கா" என்றாள் மனைவி. "இவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்."

"அப்ப அறுக்காத. தெருவுல போறவங்களும் நல்லா இருக்கட்டும், அவங்களுக்கும் ஒண்ணு வெச்சிடு."

ஒன்றின் ஊடே மற்றது தெரியாமலிருக்க நடுவில் ஒரு வட்டத் தகடு கொடுத்து, தெருப் பக்கம் இன்னொரு ஸ்வஸ்திக் வைத்தார். அப்போதுதான் உறைத்தது: இரண்டு பக்கமும் முகமாகிவிட்டால் தழும்பை ஒளிக்க முதுகு இல்லை. பற்றவைத்த இடமெல்லாம் தெருவுக்குத் தெரிந்தது. எவ்வளவு தேய்த்தும் சொரசொரப்பு போகவில்லை.

அக்கா அதன்மேல் விரல் ஓட்டினார். "கெட்டியா பிடிச்சிருக்கு."

வெல்டர் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "அக்கா, அன்னைக்கு நீங்க மட்டும்..." என்றவருக்கு மேலே சொல்ல வரவில்லை. கண் கலங்கியதுதான் மிச்சம்.

"எங்க, காட்டு" என்று அக்கா அவர் இமையை விரித்துப் பார்த்தார். "தூள் எதுவும் இல்ல. சரி, என்ன பெயிண்ட் அடிக்கப் போற?"