அம்மாவின் மேல் போட்ட பழி

அம்மா இறந்தபோது நான் நன்றாக அழுதேன். பதினாறாம் நாள் காரியத்தில், சாம்பார் வாளியோடு சித்தப்பா வழுக்கி விழுந்ததும் சிரித்தேன். பசித்தது, சாப்பிட்டேன். அடுத்த கிழமையே நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டேன். நினைத்தால் நெஞ்சு வலிக்கும். ஆனாலும் நினைத்துக்கொண்டே இருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து வந்தது அந்தத் துக்கம் இல்லை. வீட்டில் ஒரு குறையும் இல்லாத நேரம். தலைவாரக் கை எழவில்லை. தங்கச்சி ஆக்கிய சோறு வாயில் சாக்கு மாதிரி இருந்தது. வேண்டுமென்றே அம்மாவை நினைத்துப் பார்த்தேன். அடுத்த லயத்து வீட்டில் யாரோ செத்த மாதிரி இருந்தது, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தேன்.

சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாய் நிற்கும் எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் மொள்ளுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "என்னா டீச்சர், என்னா கவலை?" என்று கேட்டார். சொல்ல ஒரு காரணமும் இல்லை. காரணமில்லாமல் படுத்துக் கிடக்கும் பொம்பளைக்கு எங்கள் தோட்டத்தில் ஒரே பெயர்தான், சோம்பேறி. அதற்குப் பயந்து, "அம்மா நெனப்பாவே இருக்குக்கா" என்றேன். பச்சைப் பொய்.

"ரெண்டு வருஷம் கழிச்சு என்னா நெனப்பு? செத்தவங்கதான் புடிச்சிருக்காங்க" என்று அக்கா அப்பாவிடம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாகப் பூசாரி வந்தார். தாலி கட்டியவர் சொன்னால்தான் போவாள் என்று அப்பாவை என் முன்னால் நிறுத்தினார். அம்மாவை ஒரு நாளும் அதட்டிப் பேசாத மனிதர், என் தலைக்கு மேலே பார்த்து, "போயிரு. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராத" என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை குரல் வரவில்லை. பூசாரி திரும்பச் சொல்ல வைத்தார்.

என்னைப் பிடித்தது அம்மா இல்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்திருக்கலாம். சோம்பேறி என்பதைவிடப் பேய் பிடித்தவள் என்ற பெயர் எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை. தோட்டத்து மிட்வைஃப் மிஸ்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டொக்டர் சிங்களத்தில் கேட்டதைத் தாதி தமிழில் கேட்டார். "ரொம்பக் கவலையா இருக்கா?"

"கவலைன்னா எனக்குத் தெரியும் மிஸ். அம்மா செத்தப்ப பட்டிருக்கேன். இது அது இல்ல. அழக்கூட முடியல."

டொக்டர் தலையாட்டினார். இது மனச்சோர்வு என்ற நோய், வருவதற்குக் காரணம் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை, மருந்து இருக்கிறது என்றார். அந்த ஒரு வாக்கியம் முன்பே தெரிந்திருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

மாத்திரை தொடங்கிச் சில கிழமைகளில் ஒரு காலை பசித்தது. அன்றே அம்மாவை நினைத்து அழவும் முடிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"அப்ப ஒங்கம்மா வரவே இல்லையா?"

"இல்லப்பா."

"சும்மா இருந்தவளையா நான் போகச் சொன்னேன்?"