அஞ்சலை மகனின் நான்கு முன்பற்கள்

1. முதல் நாளே கலாட்டா

திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் நான் நர்ஸாகச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம். முதல் நாளே நான்கு வயதுப் பெண் ஒருத்தி என் கையைப் பிறாண்டிவிட்டாள். பெயர் கண்ணம்மா. மேலுதடு வீங்கியிருந்தது. மேல் முன்பற்கள் நான்கும் கறுத்து, ஈறை ஒட்டி வெறும் கட்டைகளாக நின்றன. விழுப்புரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வரும் பல் டாக்டர் மவுத் மிரரை வைத்துப் பார்த்துவிட்டு, "எக்ஸ்டிராக்‌ஷன்தான்மா. நாலையும் எடுக்கணும்" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, நான் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக எடுத்தார்.

கூட வந்த தாய் அஞ்சலை, விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமத்தில் வெல்லம் காய்ச்சும் கரும்பாலையில் வேலை செய்பவள்.

"வுழுற பல்லுதானே நர்சம்மா? தானா மொளைச்சிக்கும்னு வுட்டுட்டேன்" என்றாள்.

"இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?" என்று கத்தினேன். வயது இருபத்திரண்டு. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு.

அவள் இடுப்பில் ஒரு வயது நிரம்பாத மகன் முருகன் இருந்தான். சும்மா இருக்க முடியாமல் அவனுடைய மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். புதிதாக முளைத்த நான்கு பற்கள். ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு தீற்றியது போல் ஒரு வெள்ளைக் கோடு.

டாக்டர் குனிந்து பார்த்தார். "சொத்தை இப்படித்தான் ஆரம்பிக்கும். இப்பவே கவனிச்சா இதோட நிறுத்திடலாம். விட்டா அக்கா கதைதான்."

நிறுத்தலாமா! அந்த நிமிடமே எனக்கு வேகம் வந்துவிட்டது. இந்த நான்கு பல்லையும் காப்பாற்றாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

"பையனுக்கு இனிப்பா என்ன குடுக்கறே?"

"வெல்லத்தத் துணியில முடிஞ்சி வாயில வெப்பேன். ஏணையில சப்பிக்கினு கெடக்கும். அழுதா மேஸ்திரி வேலைக்கு வராதேன்னுடுவாரு."

துணி முடிச்சு கூடாது, பால் குடித்ததும் ஈரத்துணியை விரலில் சுற்றிப் பல்லைத் துடைக்க வேண்டும், தாகத்துக்கு வெறும் தண்ணீர்தான் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் மகன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

2. ஆலையில்

ஒரு மாதம் கழித்து வந்தார்கள். உதட்டைத் தூக்கியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பல்லில் கோடு பழுப்பாக மாறியிருந்தது.

"என்கிட்டயே பொய் சொல்றியா அஞ்சலை?"

அவள் கண் கலங்கிவிட்டது. "அந்தத் துணிய அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன் நர்சம்மா. தெனம் தொடைச்சி வுட்டுக்கினுதான் இருக்கேன். நம்ப மாட்டீங்களா?"

நான் நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

ஆலையில் மாடுகள் சுற்றிச் சுற்றிக் கரும்பை நசுக்கிக்கொண்டிருந்தன. அஞ்சலை தூரத்தில் சக்கையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை பாகு காய்ச்சும் கொப்பரைக்குச் சற்றுத் தள்ளி, புளியமரக் கிளையில் கட்டிய ஏணைத் தூளியில் கிடந்தான். நான் ஓரமாக நின்றேன். பையன் சிணுங்கினான். அஞ்சலை திரும்புவதற்குள், பாகு கிண்டும் தங்கவேலு என்கிற பெரியவர் கரும்புத் தோலில் கொஞ்சம் பாகைத் தொட்டார். ஊதி ஊதி ஆறவைத்து, குழந்தையின் வாயில் தடவினார். அவனும் ஆசையாகச் சப்பினான்.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று நான் போட்ட கூச்சலில் மாடுகள் மிரண்டு நின்றுவிட்டன.

தங்கவேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆலை வழக்கம்மா இது. ஒவ்வொரு கொப்பரைக்கும் மொத பாகு புள்ள வாய்க்கு. அப்பறந்தான் அச்சுல ஊத்தறது. நடுவுல அழுதா இன்னும் ஒரு வாய். நா இன்னா வெசமா குடுத்தேன்?"

அவரைத் திட்ட வாய் திறந்தேன். நல்லவேளை, ஓடிவந்த அஞ்சலையின் முகம் கண்ணில் பட்டது. ஒரு மாதமாகச் சொன்னதைச் சொன்னபடி செய்தவளையா பொய்க்காரி என்றேன்! எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்மேலதான்" என்றேன். அவள் பதறிப் போனாள்.

பிறகு தங்கவேலுவிடம் முருகனின் பல்லைக் காட்டினேன். அங்கே விளையாடிக்கொண்டிருந்த கண்ணம்மாவைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். முன்பற்கள் இருந்த இடம் காலியாக இருந்தது. அவர் இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கும் நாந்தான் குடுத்தேன்" என்றார் கடைசியில்.

வழக்கத்தை என்ன செய்வது? நான் யோசிக்கும் முன்பே அவரே வழி சொன்னார். "மொத பாகு இனிமே அடுப்புக்கு. புள்ளைக்குத் தண்ணி. அழுதா அழுவட்டும், நா ஏணைய ஆட்டிக்கினு இருக்கேன். மேஸ்திரி கிட்ட நா பேசிக்கிறேன்." நான் கொண்டுபோன வெள்ளைத் துணியை வாங்கி, பல் துடைப்பது எப்படி என்றும் கேட்டுக்கொண்டார். அஞ்சலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

3. அடுத்த தை மாதம்

இளைய நர்ஸுகளுக்கு ஒன்று சொல்வேன். அதற்குப் பிறகு என் முதல் கேள்வியே மாறிவிட்டது. "பகலெல்லாம் குழந்தை யார்கிட்ட இருக்கு?" என்றுதான் கேட்பேன். அந்த ஆளையும் அழைத்துவரச் சொல்வேன். தாயைத் திட்டி நான் ஒரு பல்லையும் காப்பாற்றியதில்லை.

அடுத்த தையில் அஞ்சலை மகனோடு வந்தாள். கூடவே சலவை வேட்டியில் தங்கவேலு. உதட்டைத் தூக்கினேன். பழுப்புப் புள்ளி அப்படியே நின்றிருந்தது, கடுகளவும் வளரவில்லை. மற்ற மூன்றும் பளபளத்தன. "டாக்டர், நாலும் இருக்கு! நாலும் இருக்கு!" என்று கத்தியபடி விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். பையன் நறுக்கென்று கடித்துவிட்டான்.

"ஐயோ நர்சம்மாவக் கடிக்கறியாடா?" என்று அஞ்சலை கை ஓங்கினாள்.

விரலில் நான்கு பல்லும் வரிசையாகப் பதிந்திருந்தன. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அடிக்காதே அஞ்சலை, இன்னொரு தடவை கடிக்கட்டும்!" என்றேன்.